மும்பையை வரைந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதுங்கா, சயான், தாராவி, செம்பூர், முலுண்ட் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தென்மும்பையில் கலைக்கூடங்கள் இருக்கும் கலா கோடாவுக்கு ஓவியம் பார்க்க வரும் தமிழ் நண்பர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் நகரத்தை, அதிலும் மும்பையை, வரைந்த படங்களைப் பற்றியவை. கல்லூரிப் பாடமாக எழுதவில்லை. சில இடங்களில் என் விருப்பு வெறுப்பு எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை ஓவியம் என்றால் கேட்வேயும் மரீன் டிரைவும்தானே?

ஜஹாங்கீர் கலைக்கூடத்து வாசல் நடைபாதையில் விற்கும் படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கேட்வே, தாஜ் ஓட்டல், மழையில் நனையும் கறுப்பு மஞ்சள் டாக்ஸி, மரீன் டிரைவின் விளக்கு வரிசை. ஊருக்குப் போகும்போது யாருக்காவது வாங்கிப்போக நல்ல பொருள்தான். ஆனால் அந்தப் படங்களில் யாரும் வேலைக்குப் போவதில்லை, யாருக்கும் வியர்ப்பதில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1790களில் இந்தத் தீவை வரைந்தார். பன்னிரண்டு காட்சிகள் கொண்ட அவருடைய தொகுதி அவர் இறந்த பிறகு 1800இல் வெளிவந்தது. துறைமுகம், மலபார் ஹில், சயான் கோட்டை மேலிருந்து தெரியும் நிலம் என்று எல்லாமே எட்ட நின்று பார்த்த காட்சிகள். பார்க்கப்போகிறவர் லண்டனில் உட்கார்ந்திருக்கிறார். கும்பெனி பிடித்த ஊர் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

நகர ஓவியம் எதைப் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை வரைந்தவர் எங்கே நின்றார்? மலை மேலா, கப்பலிலா, கூட்டத்துக்கு நடுவிலா? பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும். கீழே நான் சொல்லப்போகிற ஓவியர்கள் பெரும்பாலும் கூட்டத்துக்குள் நின்றவர்கள். என் பாரபட்சம் அந்தப் பக்கம்தான்.

நகரத்தை வரைவது எப்போது தொடங்கியது?

ஒரே தொடக்கம் என்று சொல்ல முடியாது. இத்தாலியின் சியேனா நகர மன்றத்துச் சுவரில் 1338, 1339 வாக்கில் அம்புரோஜியோ லொரென்சேத்தி வரைந்த 'நல்லாட்சி' ஓவியத்தைப் பலரும் சொல்வார்கள். அதில் தெருவில் ஆடுகிறார்கள், செருப்புக் கடை திறந்திருக்கிறது, ஒருவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார், மேலே கொத்தனார்கள் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நகரம் ஒழுங்காக நடந்தால் இப்படி இருக்கும் என்று ஆட்சியாளர்கள் முகத்துக்கு நேரே மாட்டிவைத்த படம் அது. ஜப்பானில் ஹிரோஷிகே 1856 முதல் 1858 வரை எடோ நகரத்தை, அதாவது இன்றைய டோக்கியோவை, மரக்கட்டை அச்சுப் படங்களாக வரைந்து குவித்தார். திடீர் மழையில் குடையும் கோணியும் பிடித்தபடி பாலத்தைக் கடக்கிறவர்களின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பாரிஸை இடித்து அகலச் சாலை போட்ட காலத்துக்குப் பிறகு, 1877இல், கயேபாத் வரைந்த மழைநாள் தெரு வந்தது. புதுச் சாலை, புதுக் கட்டடம், ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகும் ஆட்கள். பழைய மில்களுக்கு நடுவே உயரக் கட்டடங்கள் முளைத்த லோயர் பரேலில் இறங்கி நடக்கும்போது எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

சொல்லில் வரைந்ததையும் கணக்கில் சேர்த்தால் நம் மதுரைக்காஞ்சி வெகு முன்னாலேயே இருக்கிறது. மாங்குடி மருதனார் மதுரையின் பகல் கடைத்தெருவில் தொடங்கி, இரவுக் கடை, நள்ளிரவுக் காவல், விடியல் என்று நகரத்தை மணிக்கணக்கில் பின்தொடர்கிறார். அந்தக் கடைவீதிக் கூட்டத்தில் பொற்கொல்லர், துணி விற்பவரோடு ஓவியர்களையும் நிறுத்தியிருக்கிறார். மேலே சொன்னேனே, ஓவியர் எங்கே நின்றார் என்று; மருதனார் பதில் சொல்லிவிட்டார்.

மும்பையில் இருந்த பெரிய ஓவியர்கள் கிராமத்தையே வரைந்தார்களே, ஏன்?

நல்ல கேள்வி. முற்போக்கு ஓவியர் குழு 1947இல் இங்கேதான் உருவானது. சூசா, ராசா, ஆரா, ஹுசைன், காடே, சிற்பி பாக்ரே ஆகிய ஆறு பேர். இதில் ஆரா கார் கழுவிப் பிழைத்தவர். ஹுசைன் சினிமா பேனர் எழுதியவர். சாரத்தில் ஏறி, முப்பது நாற்பது அடி முகங்களை ஒரே மூச்சில் தீட்டப் பழகிய கை அது. நம் ஊர் பேனர் ஓவியர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோட்டின் வேகம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ராசா 1950இல் பிரான்சுக்குப் போகும் முன் மும்பைத் தெருக்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். மழை, ஈரச் சாலை, மங்கிய கட்டடங்கள்.

இவ்வளவு இருந்தும் அந்தத் தலைமுறை பெரிய கான்வாஸுக்கு வந்ததும் கிராமத்தையோ புராணத்தையோ எட்டாத வெளியையோ தேடிப் போனது. சுதந்திரம் வந்த புதிது. இந்தியா என்றால் கிராமம் என்று எல்லோருமே நம்பிய காலம். ஹுசைன் 1954இல் வரைந்த 'கிராம யாத்ரா' அதற்கு நல்ல சான்று. உழவு, மாட்டுவண்டி, தாயும் பிள்ளையும் என்று 13 சிறு காட்சிகள். டெல்லிக்கு உலக சுகாதார நிறுவன வேலையாக வந்த நார்வே மருத்துவர் ஒருவர் அதை வாங்கிப்போக, பல பத்தாண்டுகள் ஆஸ்லோ மருத்துவமனைச் சுவரில் இருந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. நவீன இந்திய ஓவியத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. மும்பைத் தெருவில் பேனர் எழுதியவரின் அதிக விலைபோன படம் கிராமத்துப் படம்!

திருப்பம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 1981ஐக் காட்டுவேன். 'மனிதருக்கு ஓர் இடம்' என்று பொருள்படும் தலைப்பில் மும்பையிலும் டெல்லியிலும் ஒரு கண்காட்சி நடந்தது. பூபேன் கக்கர், குலாம் முகமது ஷேக், விவான் சுந்தரம், ஜோகேன் சௌத்ரி, நளினி மலானி, சுதீர் பட்வர்தன் ஆகிய ஆறு பேர் கலந்துகொண்டார்கள். கலை விமர்சகர் கீதா கபூர் கட்டுரை எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர், தையல்காரர், கடைக்காரர், தெருமுனை, சொந்த வாழ்க்கை எல்லாம் ஓவியத்துக்கு உரியவைதான் என்று துணிந்து சொன்ன கண்காட்சி அது. மலானி உட்கார்ந்து வரையும் கூடம் லோஹார் சாலில் இருந்தது. மின்சாமான் கடைகளும் சுமை தூக்குகிறவர்களும் நெரியும் சந்து. அவர் கோட்டில் அந்த நெரிசல் தெரியும்.

சுதீர் பட்வர்தன் யார்? பேச்சு சுற்றிச் சுற்றி அவரிடமே வருகிறதே?

வரத்தான் செய்யும். 1949இல் புணேயில் பிறந்தவர். அங்கே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1973இல் மும்பைக்கு வந்தார். தொழில் எக்ஸ்ரே மருத்துவர். தாணேயில் 2005 வரை அந்தத் தொழிலைச் செய்துகொண்டே வரைந்தார். ஓவியக் கல்லூரிப் பக்கம் போகாமல் தானாகவே கற்றவர்.

இந்தியாவின் முதல் பயணி ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேக்குத்தான் ஓடியது. அந்தத் தடத்தின் ஒரு முனையில் நகரத்தின் பளபளப்பு, மறுமுனையில் பட்வர்தனின் நோயாளிகள். அவர் படங்களின் பெயரைக் கேட்டாலே புரியும்: 'இரானி ரெஸ்டாரன்ட்' 1977, 'ரயில்' 1980, 'மேம்பாலம்' 1981, 'டவுன்' 1984, 'லோயர் பரேல்' 2001. வரிசையாகச் சொன்னால் சென்ட்ரல் லைனில் போய்வருகிறவரின் ஒரு நாள்.

அவருடைய மனிதர்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். உடம்பில் கனம் இருக்கும். தோள் சரிந்திருக்கும், வயிறு முன்னால் வந்திருக்கும், கை சும்மா தொங்கும்போதும் அன்று செய்த வேலை அதில் தெரியும். தினமும் எலும்பையும் நுரையீரலையும் படம் பிடித்துப் பார்த்த கண் அது. அதே சமயம், நோயாளியை ஏழை என்று பரிதாபமாகப் பார்க்கும் பார்வை இல்லை. பாவம் என்று தோன்றும்படி வரைவது சுலபம். அவர் அந்தச் சுலபத்துக்குப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

'மேம்பாலம்' என்ற பெயரை இப்போது கேட்கும்போது வேறொன்றும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. 2017 செப்டம்பர் 29 காலையில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து எல்பின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலத்தில் 23 பேர் இறந்தார்கள். மும்பையில் நடைமேம்பாலம் என்பது லட்சக்கணக்கானவர்கள் தினமும் உடம்போடு உடம்பு உரசிக் கடக்கும் இடம். அதை ஓவியத்துக்குரிய இடமாக ஒருவர் 1981லேயே பார்த்திருக்கிறார்.

2019இல் மும்பை தேசிய நவீன ஓவியக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெரிய கண்காட்சி நடந்தது. நான்சி அடஜானியா தொகுத்தார். அதற்கு முன்பே மகாராஷ்டிரத்தின் பல ஊர்களுக்கு இன்றைய ஓவியங்களைக் கண்காட்சியாகக் கொண்டுபோனவர் பட்வர்தன். கலா கோடாவுக்கு வர முடியாதவர்களைத் தேடி ஓவியம் போகட்டும் என்ற எண்ணம்.

கையில் போன் இருக்கும்போது மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைவானேன்?

போன் ஓர் இடத்தில் நின்று ஒரு நொடியை எடுக்கும். பட்வர்தனின் 'லோயர் பரேல்' மாதிரிப் பெரிய படத்தில் நீங்கள் ஒரே சமயத்தில் மேலேயும் இருப்பீர்கள், தெருவிலும் இருப்பீர்கள். தண்டவாளம், பாலம், பழைய மில், முளைத்து வரும் உயரக் கட்டடங்கள் எல்லாம் ஒரே துணியில், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்த்த மாதிரி. நடந்து நடந்து சேர்த்த காட்சி. எந்த ஜன்னலிலிருந்தும் இப்படித் தெரியாது.

காலமும் அப்படித்தான். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலானோருக்கு வேலை திரும்பவே இல்லை. நிலம் மட்டும் விலை ஏறியது. ஃபீனிக்ஸ் மில் ஷாப்பிங் மாலாக மாறியது. இதை ஒரு செல்ஃபியில் எப்படிக் காட்டுவது? மில் சைரன் கேட்டு எழுந்த குடும்பத்தில் பிறந்தவர் அந்தப் படத்துக்கு முன் அரை மணி நேரம் நிற்பார், மற்றவர் அரை நிமிடத்தில் கடந்துபோவார்.

புகைப்படம் மட்டம் என்று சொல்லவில்லை. ரகுபீர் சிங் 1990களில் வண்ணத்தில் எடுத்த மும்பைப் படங்களில் கடைக் கண்ணாடியும் அதில் தெரியும் தெருவும் சேர்ந்து, உள்ளே எது வெளியே எது என்று குழப்பும். அவரும் கூட்டத்துக்குள் நின்றவர்தான்.

ஓவியம் என்றால் பார்க்க அழகாக இருக்க வேண்டாமா? இவர்கள் ஏன் அழுக்கையே வரைகிறார்கள்?

அம்மாக்களும் மாமிகளும் தவறாமல் கேட்பது. கீவ் படேலின் படங்களைக் காட்டிப் பதில் சொல்வது எனக்கு வழக்கம். அவரும் மருத்துவர், கவிஞரும்கூட. 1940இல் பிறந்து 2023இல் மறைந்தார். மும்பை சென்ட்ரல் பக்கம் சாதாரண கிளினிக் நடத்தியவர். 1979இல் 'கைவண்டியோடு இரண்டு பேர்' என்று ஒன்று வரைந்தார். வண்டி நின்றிருக்கிறது, இழுப்பவர்கள் இருவரும் கொஞ்சம் நின்றிருக்கிறார்கள், பின்னால் நகரம். அவ்வளவுதான். ஆனால் அந்த வண்ணத்தைப் பாருங்கள், மாலை வெளிச்சம் ஏறிய ஒரு ரோஜாச் சாயல். மஸ்ஜித் பந்தர் சந்துகளில் ஹாத்காடிக்கு வழி விட்டுச் சுவரோடு ஒட்டி நின்றவர்களுக்கு அந்த இரண்டு பேரைத் தெரியும். 'ஏய், பாஜூ, பாஜூ' (ஒதுங்கு, ஒதுங்கு) என்று கத்திக்கொண்டு போகிறவர்கள், இங்கே கத்தாமல் நிற்கிறார்கள். இதில் அழுக்கு எங்கே இருக்கிறது?

சில படங்கள் நிஜமாகவே பார்க்கக் கஷ்டமானவைதான். சாலையோரப் பிணத்தைக்கூடப் படேல் வரைந்திருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடலாம்.

கடை ஷட்டரைக் கொண்டுவந்து மாட்டி அதையும் ஓவியம் என்கிறார்களே?

அதுல் தோடியாவைச் சொல்கிறீர்கள். 1959இல் பிறந்தவர், காட்கோபர்வாசி. 2001இல் லண்டன் டேட் மாடர்னில் உலகின் பெருநகரங்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அதில் மும்பைக்கு என்றே ஒரு பகுதி. 1992 முதல் 2001 வரையான மும்பை. தோடியாவின் ஷட்டர்கள் பேசப்பட்டது அப்போதுதான்.

ஏன் 1992? அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் சுமார் 900 பேர் இறந்ததாக அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொன்னது. 1993 மார்ச் 12 அன்று தொடர் குண்டுவெடிப்பு. அந்த மாதங்களில் தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ இருந்தவர்களிடம் கேளுங்கள், ஷட்டர் சத்தம் என்றால் என்னவென்று சொல்வார்கள். ஒரு கடை இறங்கும், அடுத்தது இறங்கும், தெரு முழுக்கக் கடகடவென்று இறங்கிக்கொண்டே போகும். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

தோடியாவின் ஷட்டர் படங்களில் 2002இல் செய்த 'மகாலட்சுமி'யைச் சொல்கிறேன். மூடிய ஷட்டரில் எனாமல் பெயின்டில் லட்சுமி, நம் வீட்டு காலண்டரில் இருக்கிற அதே லட்சுமி. எந்தக் கடையிலும் காலையில் ஊதுவத்தி காட்டும் படம். ஷட்டரை ஏற்றினால் உள்ளே இன்னொரு படம்: வரதட்சணைக்கு வழியில்லாத வீட்டில், கான்பூரில், தூக்கிட்டுக்கொண்ட மூன்று சகோதரிகள். மேலே செல்வத்தின் தெய்வம், உள்ளே செல்வம் இல்லாததால் போன உயிர்கள். ஷட்டரைத் தவிர வேறு எதில் வரைந்திருந்தாலும் இது நடக்காது. திறந்தால்தானே கடை?

அதே கலவரத்தில் தெருவில் கிடந்த ஒருவரின் பத்திரிகைப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு விவான் சுந்தரம் 1993இல் 'நினைவகம்' என்ற படைப்பைச் செய்தார். பெயர் தெரியாத ஒருவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் நிறைந்த இந்த ஊருக்கு அது வேண்டியிருந்தது.

டப்பாவெல்லாம் கலையா?

போஸ் கிருஷ்ணமாச்சாரியின் டிபன் டப்பாக்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். கேரளத்தில் பிறந்து இங்கே படித்து வளர்ந்த ஓவியர். பழைய, அடிபட்ட 108 டப்பாக்களைச் சாரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திரை வைத்தார். காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் மும்பைக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசுவார்கள். சோறு போகும் பாத்திரத்தில் பேச்சு. எனக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாத் திரையும் ஒன்றாகப் பேசும்போது எதையும் கேட்க முடியாமல் போகும். மும்பை அப்படித்தான் என்று வாதாடலாம், கொஞ்சம் சாமர்த்தியமான வாதம்.

இதோடு ஜிதீஷ் கல்லாட்டையும் பாருங்கள். 1974இல் இங்கே பிறந்தவர். 'ரிக்ஷாபோலிஸ்' என்ற வரிசையில் ஆட்டோ, பஸ், ஸ்கூட்டர், ஜனங்கள் எல்லாம் மோதி ஒரே சிக்கலாகக் கிடக்கும். 2007இல் வரைந்த படங்களில் சிக்னலில் புத்தகம் விற்கும் பிள்ளைகளின் தலைமுடியே அப்படிப்பட்ட நெரிசலாக இருக்கும். இந்தப் படங்கள் சுவரில் ஆணியில் தொங்குவதில்லை. கீழே இரண்டு வெண்கல மிருகத் தலைகள் தாங்குகின்றன. அவை வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்து முகப்பில் இருக்கும் கல் மிருகங்களின் நகல்.

வி.டி.யை, அதாவது இன்றைய சி.எஸ்.எம்.டி.யை, ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1878இல் தொடங்கி 1888இல் முடித்தார்கள். சிற்ப அலங்காரத்தில் ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கை இருக்கிறது. அடுத்த முறை வெளியே வரும்போது தலையைத் தூக்குங்கள். மயில், குரங்கு, பல்லி, வாய் பிளந்த மிருகம் எல்லாம் உங்கள் லோக்கலுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன. டிக்கெட் வாங்காமல் பார்க்கக்கூடிய முதல் கண்காட்சி அது. ஏழு மணிக் கூட்டத்தில் மட்டும் இதை முயல வேண்டாம், பின்னால் வருகிறவர் திட்டுவார்.

எங்கள் தாராவியை மட்டும் எப்போதும் தகரக் கூரையாகவே காட்டுகிறார்களே?

நியாயமான கோபம். மேலிருந்து எடுத்த தகரமும் நீலத் தார்பாயும், அடுத்தது ஓடும் சாக்கடை, அடுத்தது சிரிக்கும் குழந்தை. இந்த மூன்றும் வந்துவிட்டால் தாராவி முடிந்தது என்று நினைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள், முதலிலிருந்தே இருந்த கோளி மீனவர்கள் என்று அடுக்கடுக்காக உருவான ஊர் அது. கும்பார்வாடாவில் சூளைப் புகைக்கு நடுவே அகல் காய்வதும், பொங்கலன்று 90 அடி சாலைப் பக்கம் தெருவில் வரிசையாகப் பானை பொங்குவதும் கூரைக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது.

தமிழர்களுக்குத் தெரிந்த சினிமாத் தாராவியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1987இல் வந்த 'நாயகன்' படத்தின் தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட். அதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 2018இல் வந்த 'காலா'வுக்கும் சென்னைக்குப் பக்கத்தில் தாராவி செட் போட்டார்கள். ஆக, தமிழ்நாட்டில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் மனசில் இருக்கும் தாராவி சென்னையில் கட்டிய தாராவி. தரணி ஓவியர் என்பதால் அந்தச் சந்தின் வளைவு, மாடிப்படி, வெளிச்சம் விழும் விதம் எல்லாம் ஓவியமாகவே பார்க்கத் தகுந்தவை. ஊரில் இருந்து வருகிற மச்சான், 'படத்தில் பார்த்த மாதிரி இல்லையே' என்று குறைபட்டால் காரணம் இதுதான்.

உள்ளேயிருந்து காட்டும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2015இல் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனம் தாராவிக்காரர்களையே கலைஞர்களாக வைத்து, உடல்நலத்தைப் பொருளாக எடுத்து, அங்கேயே ஒரு கலைவிழா நடத்தியது. அடுத்த ஆண்டு, தாராவியில் செய்யும் பொருட்களையே காட்டும் தள்ளுவண்டி அருங்காட்சியகம் சந்து சந்தாகப் போனது. பானை, துடைப்பம், தேநீர்க் கோப்பை எல்லாம் வடிவமைப்புக் காட்சிப்பொருளாக இருந்தன.

எழுத்தில் மும்பைத் தமிழ் வாழ்க்கை நன்றாகவே பதிவாகியிருக்கிறது. நாஞ்சில் நாடன் இங்கே வேலை பார்த்தவர். அம்பை இங்கேதான் வாழ்கிறார். கலைக்கூடச் சுவர்களில் அந்த அளவுக்கு நம் முகம் இல்லை என்பது என் மனக்குறை. மாதுங்கா மார்க்கெட்டில் காலை ஆறரைக்கு வாழையிலையும் கதம்பமும் வாங்கும் கூட்டத்தை யாராவது ஆறடிக் கான்வாஸில் போட மாட்டார்களா?

சுவர் ஓவியங்கள்?

நிறைய வந்துவிட்டன. பாந்த்ரா ரெக்ளமேஷனில் எம்.டி.என்.எல். தொலைபேசிக் கட்டடத்தில் ரஞ்சித் தஹியா 2014இல் வரைந்த பிரமாண்டமான, சினிமா முன்னோடி பால்கேயின் படம், லிங்க் ரோடு பக்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தஹியாவும் பேனர் மரபை நேசிப்பவர். 2017இல் சசூன் டாக்கில் நடந்த கலைத் திட்டம் எனக்கு அதைவிடப் பிடித்தது. 1875இல் கட்டிய, இன்று மீன் இறங்கும் அந்தத் துறையில், இறால் உரிக்கும் பெண்கள், வலை, வாடை எல்லாம் அப்படியே இருக்க, நடுவே படங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்களும் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மற்றபடி, சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுக் குழாயில் தண்ணீர் விட மறக்கும் அழகுபடுத்தலில் எனக்கு ஆர்வம் இல்லை.

எனக்கும் வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

சின்ன நோட்டும் பேனாவும் போதும். உங்கள் பில்டிங் வாசலில் தொடங்குங்கள். கட்டடத்தை முதலில் போடாமல் ஆட்களை முதலில் போடுங்கள்: இஸ்திரிக்காரர், பால் பாக்கெட் போடும் பையன், படியில் உட்கார்ந்து கீரை ஆய்பவர். நகரும் ஆட்களைப் பிடிப்பது கஷ்டம், ஆனால் மும்பையில் எல்லோரும் தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்துக்கு வருவார்கள், விட்ட கையை நாளை போட்டுக்கொள்ளலாம். கூட்டாக வரைய விருப்பமென்றால் அர்பன் ஸ்கெச்சர்ஸ் என்று 2007இல் சியாட்டிலில் தொடங்கிய உலகக் குழுவுக்கு மும்பையிலும் ஆட்கள் உண்டு.

குழந்தைகளோடு போக எது சரி? என்றைக்குப் போவது?

பைகுலா கிழக்கில், ராணி பாக் மிருகக்காட்சிச் சாலைப் பக்கத்தில் இருக்கும் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம். 1872இல் பொதுமக்களுக்குத் திறந்தது. மும்பையின் மிகப் பழைய அருங்காட்சியகம். பழைய மும்பையின் தொழில்களையும் சமூகங்களையும் காட்டும் களிமண் பொம்மைகள் இருக்கின்றன. நவராத்திரிக் கொலு பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை விட்டு நகராது. கலா கோடாவுக்குப் பெயர் தந்த கறுப்புக் குதிரையும் இங்கே பக்கத்தில்தான் நிற்கிறது. ஏழாம் எட்வர்டு ஏறிய அந்தச் சிலையை 1965இல் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். 2017இலிருந்து கலா கோடாவில் நிற்பது ஆளில்லாத புதுக் குதிரை.

பெரியவர்களுக்கு ஜஹாங்கீர் கலைக்கூடம், 1952இல் திறந்தது. அனுமதி இலவசம், காலை 11 முதல் மாலை 7 வரை. சர்ச்கேட்டிலிருந்தும் சி.எஸ்.எம்.டி.யிலிருந்தும் நடந்துவிடலாம். வாரா வாரம் படங்கள் மாறும், எனவே ஒரு தடவை பார்த்துவிட்டு மும்பை ஓவியமே இவ்வளவுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். எதிர்ப்பக்கம் தேசிய நவீன ஓவியக்கூடம், அங்கே திங்கள் விடுமுறை. பைகுலாவில் புதன் விடுமுறை. பக்கத்திலேயே சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குள் ஜஹாங்கீர் நிக்கல்சன் சேகரிப்பும் இருக்கிறது. நவீன ஓவியர்களை நிதானமாகப் பார்க்க நல்ல இடம். பழைய ஆட்கள் ஜஹாங்கீரில் சமோவார் காபிக் கடையைத் தேடுவார்கள். அது 2015இலேயே மூடிவிட்டது. காலையில் மாதுங்காவில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம், ஃபோர்ட்டில் டிபனுக்கு ஆகும் காசில் மாதுங்காவில் குடும்பமே சாப்பிடலாம்.